வரவுப் பக்கம்

என் அக்காவின் வலது மார்பு நீக்கப்பட்ட 16-ஆம் மாதத்தில், அவருடைய மேலுடலின் முன்புறத்தை மாவுக்கட்டில் அச்செடுத்து, அந்த ஓட்டின்மேல் தஞ்சாவூர் ஓவிய முறையில் வேலை செய்தோம். எலும்பு முறிந்தால் கட்டுகிறார்களே, அதே மாவுக்கட்டு. அச்செடுத்தது 35 நிமிட வேலை. நோட்டில் முதல் வரி எழுதியதிலிருந்து சுவரில் கொக்கி மாட்டியதுவரை கணக்கிட்டால் 14 மாதம். நான் தஞ்சாவூரில் 20 ஆண்டுகளாகப் பலகைமேல் படம் எழுதி வருகிறேன். வளைந்த பரப்பில் எழுதியது இதுவே முதல்முறை. அதனால் ஒவ்வொரு நாளும் செய்ததை அளவோடு குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புகளின் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை நோட்டு. அறுவை முடிந்த சில வாரங்களில் கீமோ தொடங்கியது: 3 வாரத்துக்கு ஒன்றாக 4 தவணை, பிறகு வாரம் ஒன்றாக 12 தவணை. வாரத் தவணை நாட்களில் சொட்டு மருந்து ஏறி முடியும்வரை நாற்காலியில் சாய்ந்திருக்கவேண்டும். அக்கா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். சும்மா இருக்கத் தெரியாதவர். 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ரொக்கப் புத்தகத்தில் போடுவதுபோல் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று அவரே தலைப்பிட்டார். செலவுப் பக்கம் முதல் நாளிலேயே நிரம்பத் தொடங்கியது: மார்பு, முடி, இரண்டு கால்விரல் நகங்கள், விரல்நுனிகளில் தொடு உணர்வு, வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கும் பழக்கம், பார்க்க வருவதை நிறுத்திக்கொண்ட ஒரு சிநேகிதி. வரவுப் பக்கம் மூன்று வாரம் வெறுமையாகவே இருந்தது.

பிறகு எழுதியவற்றிலும் சிலவற்றை அவரே அடித்தார். “வவுச்சர் இல்லாத வரவை நான் ஏத்த மாட்டேன்” என்றார். வவுச்சர் என்று அவர் சொன்னது தேதியும் ஒரு செயலும். ‘வாழ்வின் அருமை புரிந்தது’ என்ற வரி அடிபட்டது. அதற்குப் பதிலாக, ‘மார்ச் 3: மாலை 5 முதல் 6 வரை மொட்டைமாடியில் உட்கார்ந்தேன், போன் கீழே’ என்ற வரி ஏறியது. ‘தைரியம் வந்தது’ என்பதும் அடிபட்டது. மருத்துவரிடம் 11 கேள்விகளை எழுதிக் கொண்டுபோய், பதினொன்றுக்கும் பதில் வாங்கிவந்த நாள் ஏறியது. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் படமாக வரையவேண்டியவை இவைதாம். செயல் இல்லாத வரியைப் படமாக வரைய முடியாது.

சிகிச்சை முழுவதும் முடிந்தபோது வரவுப் பக்கத்தில் 31 வரிகள், அவற்றில் வவுச்சர் உள்ளவை 23. இவற்றை வகைபிரிக்க ஒரு சட்டகம் வேண்டியிருந்தது. அமெரிக்க உளவியலாளர்களான ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் பெரிய துன்பத்தைக் கடந்தவர்களிடம் பின்னால் தோன்றும் வளர்ச்சியை அளக்க 1996-இல் 21 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். வாக்கியங்கள் ஐந்து தலைப்புகளில் அடங்கும்: பிறரோடு உறவு, புதிய வழிகள், தன் வலிமை, ஆன்மிக மாற்றம், வாழ்வைப் பாராட்டுதல். மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் இந்த அளவுகோலைப் பயன்படுத்தி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நாங்கள் மதிப்பெண் போடவில்லை. ஐந்து தலைப்புகளை மட்டும் கடன் வாங்கினோம். ஐந்து எவர்சில்வர் தட்டுகளைத் தரையில் வைத்து, 23 வரிகளையும் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டோம். உறவுத் தட்டில் 9, வலிமையில் 7, புதிய வழிகளில் 4, பாராட்டுதலில் 2, ஆன்மிகத்தில் 1. அந்த ஒன்று: கதிர்வீச்சு முடிந்த அன்று பெரிய கோயில் திருச்சுற்றில் ஒரு மணி நேரம், எதையும் வேண்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தது.

செலவுப் பக்கத்தில் 14 வரிகள். அவற்றைத் தூக்கிப்போடவில்லை. தமக்கு மார்புப் புற்றுநோய் வந்தபின் அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2001-இல் எழுதிய கட்டுரை, நோயாளி மலர்ச்சியோடுதான் இருந்தாகவேண்டும் என்ற வற்புறுத்தலைக் கடுமையாகச் சாடியது. அது நியாயமான கோபம். மீண்டு வந்தும் வரவுப் பக்கம் காலியாக இருப்பவர்கள் உண்டு. அது அவர்கள் குறையன்று. ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்தோம். வரவைச் செலவின்மேல் ஒட்டி மறைக்கக்கூடாது; இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். இதற்குப் பிறகு எடுத்த எல்லா முடிவுகளும் இதிலிருந்து வந்தவையே.

இரண்டாவது, வடிவம். புற்றுநோய் கண்ட தம் உடலை முன்பே படமாக்கியவர்களில் மூவரின் படங்களைப் பார்த்தோம். அமெரிக்க எழுத்தாளர் டீனா மெட்ஸ்கர் 1970-களின் இறுதியில் தம் தழும்பின்மேல் மரக்கிளை ஒன்றைப் பச்சைகுத்திக்கொண்டு, கைகளை விரித்து நின்றார்; படமெடுத்தவர் ஹெல்லா ஹாமிட். பிரிட்டனின் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982-இல் அறுவைக்குமுன் தம் மார்பின்மேல் ‘ஜோ ஸ்பென்ஸின் சொத்து’ என்று எழுதி, இறுதியில் ஒரு கேள்விக்குறியும் இட்டுப் படமெடுத்துக்கொண்டார். கலைஞர் மட்டுஷ்கா தாமே எடுத்துக்கொண்ட படம் 1993 ஆகஸ்ட் 15-இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் அட்டையில் வந்தது; வெள்ளை உடை ஒருபக்கம் விலகியிருக்க, தழும்பு எந்த அலங்காரமுமில்லாமல் தெரிந்தது. ஒருவர் தழும்பில் வரைந்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் அப்படியே காட்டினார். அக்கா மூன்றாமவர் பக்கம் சாய்ந்தார். தழும்பைப் பொன்னால் பூசலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். தொழில் புத்தி அப்படி. “அது டாக்டர் கத்தி போன வழி, என்னோட வரவு இல்ல. அதை விட்டுடு” என்றார். விட்டுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

மற்ற பரப்பை எப்படிப் பிரிப்பது என்பதற்கு விடை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் கிடைத்தது. அங்கே திருவெண்காட்டில் கிடைத்த சோழர்காலத்து அர்த்தநாரீசுவரர் செப்புத்திருமேனி இருக்கிறது; 11-ஆம் நூற்றாண்டு. இடப்பாதி பெண், வலப்பாதி ஆண். அக்காவின் உடலும் இப்போது அப்படித்தான்: இடப்புறம் மார்பு, வலப்புறம் சமதளம். இந்தத் திருமேனிக்கு மூன்று கைகள். பெண் பாதியில் ஒன்று, ஆண் பாதியில் இரண்டு. மார்பின் திரட்சி இல்லாத பக்கத்தில் ஒரு கை கூடுகிறது. கண் இரண்டு பக்கத்திலும் சமமாகத் தங்குகிறது. சமதளமான பக்கத்தை நிரப்ப ஸ்தபதி எதையும் அதன்மேல் ஏற்றவில்லை. அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பும் ரயிலில் வலப்பக்கத்துக்குக் கை என்று முடிவாயிற்று. எந்தக் கை, எப்படி என்பது எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரிலேயே இருந்தது.

அக்குளின் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்ததால் அவருக்கு வலது தோள் இறுகிப்போனது. வடிகுழாயை எடுத்த மறுநாளிலிருந்து, சுவரில் விரல்களை எறும்புபோல் ஏற்றிக்கொண்டு போகும் பயிற்சி. எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு. முதல் கோடு தரையிலிருந்து 121 செ.மீ.; நாற்பத்தோராம் நாள் கோடு 186 செ.மீ. ஐந்து நாட்கள் முந்தைய நாளைவிடக் கீழே இறங்கியதும் பதிவாகியிருந்தது. எஃகு நாடாவால் 41 கோடுகளையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்த ஏற்றம் 65 செ.மீ. இதைவிட நல்ல வவுச்சர் எந்தக் கணக்கரிடமும் இருக்காது.

மூன்றாவது, பொருட்கள். எலும்பு மருத்துவமனைகளுக்கு அருகிலுள்ள மருந்துக் கடைகளில் மாவுக்கட்டுச் சுருள் கிடைக்கும். 15 செ.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளம் கொண்ட சுருள்கள் 8 வாங்கினோம்; 7 செலவாயின. வாஸலின் கால் கிலோ, அகன்ற பிளாஸ்டிக் பேசின் இரண்டு, மொண்ணை முனைக் கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள், இடுப்பில் சுற்ற ஒரு பழைய நூல்புடவை. வாஸலினுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதாதா என்று அக்காவின் மகள் கேட்டாள். போதாது, எண்ணெய் தோலில் இறங்கிவிடும், மாவு பிடித்துக்கொள்ளும்.

வார்ப்புக்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் அனுமதி கேட்டோம். இந்தப் படியை யாரும் தாண்டக்கூடாது. ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு 15 நாள் நடந்து, அது முடிந்து 8 மாதம் ஆகியிருந்தது. தோலில் புண்ணோ கசிவோ உரிதலோ இல்லை என்று பார்த்துச் சொன்னபின்தான் நாள் குறித்தோம். ஒரு முன்னெச்சரிக்கையும் கிடைத்தது. தழும்பைச் சுற்றியும் மேற்கையின் உட்புறமும் அவருக்குத் தொடு உணர்வு குறைவு. சூட்டை அவரால் சொல்ல முடியாது. மாவுக்கட்டு இறுகும்போது சூடு பிறக்கும். ஜிப்சத்தைச் சுட்டு அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை வெளியேற்றியதுதான் இந்த மாவு. தண்ணீர் பட்டதும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லாகிறது, அப்போது வெப்பத்தை விடுகிறது. வெந்நீர் விட்டால் விரைவாக இறுகும், சூடும் ஏறும். கனமாகப் போட்டாலும் சூடு ஏறும். ஆகவே குழாய்த் தண்ணீர்தான், வலப்பக்கத்தில் நான்கு அடுக்குக்கு மேல் இல்லை, இரண்டு நிமிடத்துக்கொரு முறை என் புறங்கையை வைத்துப் பார்ப்பது என்று மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

நான்காவது, வார்ப்பு. ஞாயிறு காலை 10 மணி. ஈரக்கை பட்டால் சுருள் முழுவதும் கெட்டுவிடும். அதனால் துணி வெட்டும் வேலையை முதலிலேயே முடித்தோம். 30 செ.மீ. துண்டு 24, 20 செ.மீ. துண்டு 24, விளிம்புக்கு 5 செ.மீ. அகலப் பட்டைகள் 30, தழும்புக்கு 5 செ.மீ. சதுரங்கள் 16. அளவு வாரியாகத் தட்டுகளில் அடுக்கினோம். துண்டுச் சீட்டுகள் போட்ட அதே ஐந்து தட்டுகள்.

அக்கா சாய்மானம் இல்லாத முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படுத்தால் மார்பு தட்டையாகிவிடும், நின்றால் தலைசுற்றலாம். கைகளைத் தூக்கச் சொல்லவில்லை. வலது தோள் அரைமணி நேரம் அதைத் தாங்காது. இரு கைகளும் இடுப்புக்குச் சற்று வெளியே, தலையணைமேல். கழுத்தெலும்பின் கீழிருந்து தொப்புளுக்கு இரண்டு விரல் மேல்வரை வாஸலினை வெண்மை தெரியும் அளவுக்குத் தடவினேன். தழும்பின்மேல் மட்டும் மெல்லிய படலம். அதிகம் தடவினால் அதன் வரிகள் அச்சில் விழாது.

துண்டைத் தண்ணீரில் மூன்று நொடி முக்கி, இரண்டு விரல்களுக்கிடையில் உருவி, உடலில் வைக்கவேண்டும். முதலில் விளிம்பு: கழுத்தெலும்பின் கீழ், இரு விலா ஓரம், கீழ் விளிம்பு. விளிம்பு உறுதியாக இருந்தால்தான் ஓடு கழலும்போது வளையாது. அக்குளுக்கு 4 செ.மீ. முன்பாகவே நிறுத்தினேன், உள்ளே மடங்கிய இடத்தில் மாவு போனால் ஓடு பூட்டிக்கொள்ளும். பிறகு சதுரத் துண்டுகளைத் தழும்பின்மேல் ஒன்றின் பாதியை மற்றொன்று மூடும்படி வைத்து, கட்டைவிரலால் உட்கோடியிலிருந்து வெளிக்கோடிக்கு அழுத்தினேன். அதன்பின் பெரிய துண்டுகள், முதல் அடுக்கு இடமிருந்து சாய்வாக, இரண்டாவது வலமிருந்து சாய்வாக. ஒவ்வொன்றையும் துணியின் கண்கள் அடைபடும்வரை உள்ளங்கையால் தேய்க்கவேண்டும். இது வார்ப்பின் தரத்தையே நிர்ணயிக்கிற வேலை; கண் அடைபடாத இடத்தில் அடுக்குகள் ஒட்டாமல் பிறகு உரிந்துவிடும். மகள் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே நேரமும் பார்த்தாள்.

“சித்தி, இருவத்திரெண்டு நிமிஷம்.”

கடைசித் துண்டு அப்போது விழுந்தது. வலப்பக்கம் என் புறங்கைக்கு வெதுவெதுப்பு, அதற்குமேல் இல்லை. இன்னும் 13 நிமிடம் காத்திருந்தோம். விரல் கணுவால் தட்டினால் பானை ஓடுபோல் ஒலிக்கவேண்டும், ஒலித்தது. அக்கா மூச்சை நன்றாக இழுத்து, தோள்களை முன்னே குவித்து, வயிற்றை உள்ளிழுத்தார். விளிம்பின் கீழ் விரல் நுழைத்துச் சுற்றிலும் தோலை விடுவித்தேன். முன்னால் குனியச் சொன்னதும் ஓடு தானாக எங்கள் நான்கு கைகளில் வந்து விழுந்தது. கிழிசல் இல்லை.

அக்கா முதலில் பார்த்தது உட்புறத்தை. வெளிப்புறத்தில் அடுக்குகள் எல்லாவற்றையும் மழுப்பியிருந்தன. உள்ளேயோ, தழும்பு 19 செ.மீ. நீளப் பள்ளமாக, தையலின் குறுக்குத் தடங்களோடு விழுந்திருந்தது. அதன் கீழே வடிகுழாய்கள் இருந்த இரண்டு புள்ளிகள்கூடத் தெரிந்தன. கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்ததை முதல்முறையாக எதிரே வைத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

ஐந்தாவது, உலர்த்தல். ஈர எடை 2 கிலோ 150 கிராம். ஓடு விரிந்துவிடாதிருக்க, தோள் விளிம்புகளுக்கிடையே 34 செ.மீ. மூங்கில் தப்பை ஒன்றைக் குறுக்கே கட்டி, மார்பின் குழிவில் செய்தித்தாள் உருண்டைகளை அடைத்து, நிழலில் கயிற்றுக்கட்டிலின்மேல் வைத்தோம். வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். தினமும் காலையில் எடை போட்டேன். ஆறாம், ஏழாம் நாள்களில் எடை ஒரே அளவில் நின்றது: 1 கிலோ 500 கிராம். எடை நின்றால் ஈரம் போய்விட்டது என்று பொருள்.

ஆறாவது, விளிம்பும் வலுவும். ஓரங்களை இரும்பறுக்கும் வாள் அலகால் சீவி, மீதமிருந்த சுருளில் பட்டை வெட்டி உள்ளும் புறமுமாக மடித்துக் கட்டினேன். கீழ் விளிம்பின் வலப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. பிசினில் நனைத்த சணல் துணியை உள்ளே ஒட்டியதும் நின்றது. சணல் வலுவூட்டலைச் சுற்றோரத்தில் மட்டும் கொடுத்தேன். நடுப்பகுதியில் கொடுத்தால் தழும்பின் அச்சு மூடிப்போகும்.

இனி அந்தத் தழும்பை வெளிப்புறத்துக்குக் கொண்டுவரவேண்டும். எங்கள் தொழிலில் கோட்டோவியத்தை ஊசியால் துளைத்து, கரித்தூள் தட்டி, பலகைக்கு மாற்றும் வழக்கம் உண்டு. அதையே திருப்பிச் செய்தேன். உட்புறப் பள்ளத்தின் நடுவே, ஒரு செ.மீ.க்கு ஒன்றாக, ஒரு மி.மீ. துளைப்பானால் 20 துளைகள். வெளியே திருப்பிப் பார்த்தால் 20 புள்ளிகள் வரிசையாக நின்றன. அவற்றை இணைத்ததும் தழும்பு தன் உண்மையான இடத்தில், உண்மையான சாய்வில் வெளியே வந்தது. அதன் இருபுறமும் சேர்த்து ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு மறைப்பு நாடா ஒட்டினேன். இந்தப் பட்டை வேலை முடியும்வரை திறக்கப்படவில்லை. எந்தப் பூச்சும் அதில் படவில்லை.

ஏழாவது, தளம். பலகையில் செய்வதையே ஓட்டிலும் செய்தேன், ஒரு கூடுதல் படியோடு. மாவு ஓடு தண்ணீரை உறிஞ்சும். எனவே ஃபெவிக்கால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து முதல் பூச்சு. உலர்ந்தபின், கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். சமதளத்தில் துணி ஒரே விரிப்பாக விழுந்தது. இடப்பக்கத் திரட்சியில் சுருங்கியது. ரவிக்கை தைப்பவர் டாட் பிடிக்கும் அதே நான்கு இடங்களில் துணியை வெட்டி, ஓரத்தின்மேல் ஓரம் ஏறாமல் முட்டவைத்து ஒட்டியதும் படிந்தது. ரவிக்கைக்கடைக்காரருக்கும் எனக்கும் தொழில் இவ்வளவு நெருக்கம் என்று அன்றுவரை தெரியாது. அதன்மேல் சாக் பவுடரும் கோந்தும் கலந்த பூச்சு 5 முறை. ஒவ்வொன்றும் ஓரிரவு காயவேண்டும். 220 எண் உப்புத்தாள், பிறகு 400. கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்தபோது தளம் முட்டை ஓட்டின் வழவழப்புக்கு வந்தது.

எட்டாவது, ஏணி: சுவரில் விரல்கள் ஏறிய கோடுகள். ஓட்டின் உயரம் 44 செ.மீ. கீழ் விளிம்பிலிருந்து 6 செ.மீ. விட்டு, வலது விலாப் பக்கத்தில் 26 செ.மீ. உயரம் கிடைத்தது. சுவரில் 65, ஓட்டில் 26. இரண்டரை செ.மீ.க்கு ஒரு செ.மீ. என்று கணக்கு மீதியில்லாமல் பொருந்தியது. நோட்டிலிருந்து 41 அளவுகளையும் சுருக்கிப் பென்சிலால் குறித்தேன். இறங்கிய 5 நாட்களின் கோடுகளைத் தனியாக ஒன்றரை செ.மீ. உட்புறம் தள்ளி வரைந்தேன். அவற்றை விட்டுவிட அக்கா சம்மதிக்கவில்லை. மூன்று கோடுகள் மறைப்பு நாடாவின்மேல் விழுந்தன, அதாவது தழும்பின் இடத்தில். நகர்த்தினால் அளவு பொய்யாகும். வரைந்தால் முதல் முடிவு பொய்யாகும். “அதை உள்ள போடு” என்றார் அக்கா.

வெளியே எஞ்சிய 38 கோடுகளையும் மக்கு கொண்டு எழுப்பினேன். சுக்கான் தூளும் கோந்தும் சேர்த்துத் தோசைமாவைவிடக் கெட்டியாக அரைத்த கலவை அது. ஒவ்வொரு கோடும் 3 செ.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. உயரம். சாய்ந்த பரப்பில் மக்கு வழியும். எனவே ஓட்டை மணல் மூட்டையில் படுக்கவைத்து, ஒரு நாளைக்கு 8 கோடுகளுக்குமேல் போடவில்லை. காய்ந்தபின் 22 காரட் தங்கரேக்கைப் பட்டையாக வெட்டி, கோந்து தடவி ஒட்டி, மெல்லிய துணி சுற்றிய விரலால் ஓரங்களில் அழுத்தி, உபரியை அலகு நுனியால் எடுத்தேன். கற்கள் பதிக்கவில்லை, வழக்கமாகப் பதிப்போம். பொன் இருக்கும் ஒரே இடம் கை ஏறிய வழிதான் என்பது தெளிவாகத் தெரியவேண்டும்.

ஒன்பதாவது, வண்ணம். தஞ்சாவூர் முறையில் பொன் முடிந்த பிறகே வண்ணம். இடப்பக்கத்துக்கு 23 சீட்டுகளிலிருந்து 7 தேர்ந்தோம். கதிர்வீச்சுக்குப் போன 15 நாளும் வெளியில் காத்திருந்து கூட்டிவந்த ஆட்டோ. அத்தான் மூன்று முறை தீய்த்து நான்காம் முறை கூட்டிவைத்த ரசச் சட்டி. கீமோ நாற்காலியில் பழக்கமாகி இன்றும் சனிக்கிழமைதோறும் பேசும் பட்டுக்கோட்டைத் தோழியின் தொலைபேசி. 11 கேள்விகள் எழுதிய தாள். தனியாகச் சிதம்பரம் போய்வந்த பேருந்துச் சீட்டு. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். திருச்சுற்றின் ஒரு தூண். ஒவ்வொன்றும் 4 செ.மீ.க்குள். கோபத்தையும் வரையலாமா என்று ஒருநாள் பேச்சு வந்தது. படுக்கையருகே வந்து ஒப்பாரி வைத்த உறவினரை எழுந்து போகச் சொன்ன நாள் வலிமைத் தட்டில் இருந்தது. எனக்கு மதுரையை எரித்த கண்ணகி நினைவுக்கு வந்தாள். அக்கா வேண்டாம் என்றார். ஊரைக் கொளுத்துகிற அளவுக்கு அது பெரிய கோபமில்லை என்றார். அந்தச் சீட்டு நோட்டிலேயே இருக்கிறது.

ஏழு படங்களையும் மார்பின் திரட்சியைச் சுற்றி வளையமாக அமைத்தேன். வளைந்த பரப்பில் வட்டமுனைக் கருவி வழுக்கும். முலைக்காம்பின் இடத்தில் மெழுகுருண்டை வைத்து, அதில் குண்டூசி குத்தி, நூல் கட்டி, 7 செ.மீ. ஆரத்தில் பென்சில் ஓட்டினேன். போஸ்டர் கலரில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை. வெளிக்கோடு கடைசியில், அரக்குச் சிவப்பில். பின்னணிக்கு வண்ணம் கொடுக்கவில்லை, தளத்தின் வெண்மையே. வண்ணம் காய்ந்த நான்காம் நாள் படங்களின்மேல் மட்டும் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. பொன்னுக்கு அது தேவையில்லை. அதன்பின் மறைப்பு நாடாவை வெளிக்கோடியிலிருந்து உட்கோடிக்கு மெல்ல உரித்தேன். வழவழப்பான தளத்தின் நடுவே, 19 செ.மீ. நீளத்துக்கு மாவுக்கட்டுத் துணியின் முரட்டு நெசவு, 20 துளைகளோடு, முதல்நாள் இருந்தபடியே கிடந்தது. சுற்றிலும் ஐந்து பூச்சின் கனம் ஏறியிருந்ததால் அது சற்றுப் பள்ளமாகவும் தெரிந்தது. இதை நான் திட்டமிடவில்லை. வரிசைப்படி செய்ததில் தானாக அமைந்தது.

பத்தாவது, உட்புறம். ஒட்டியிருந்த வாஸலினைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. வண்ணம் ஏதும் பூசவில்லை. செலவுப் பக்கத்தின் 14 வரிகளையும் அக்காவே எச்.பி. பென்சிலால் உள்ளே எழுதினார். இடது கையில் ஓட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால். அந்தக் கையில் வீக்கம் வராதிருக்க ஊசியோ இரத்த அழுத்தப் பட்டையோ போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பென்சிலுக்குத் தடையில்லை. வரிகளுக்குக் கீழே விடுபட்ட மூன்று கோடுகள், அவற்றுக்குரிய உயரத்தில். எழுதி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின.

கடைசி வேலை மாட்டுவது. மூங்கில் தப்பையை ஓட்டின் உட்புறத் தோள் விளிம்பில் சணலும் மாவும் வைத்து நிலையாகப் பொருத்தி, அதன் நடுவில் பித்தளை வளையம் ஒன்றைக் கட்டினேன். முடிந்த எடை 1 கிலோ 900 கிராம். இடம், சமையலறையில் பென்சில் கோடுகள் உள்ள அதே சுவர். உயரம், அக்கா நேராக நிற்கும்போது அவருடைய தோள் இருக்கும் உயரம்: 126 செ.மீ. அடிக்கடி கழற்றி உட்புறத்தைக் காட்ட வசதியாக, ஆணிக்குப் பதில் திருகுக் கொக்கி.

மாட்டியதும் ஓடு ஒருபக்கம் சரிந்தது. இடப்பக்கத்தில் மார்பின் திரட்சி, நான்கு டாட், ஏழு படங்கள், வலப்பக்கத்தில் சமதளம். வளையத்தைத் தப்பையின் நடுவில் கட்டியது என் தவறு. எடையின் நடு வேறு, அளவின் நடு வேறு. வளையத்தை அவிழ்த்து, ஓட்டின் இடத்தோள் பக்கமாக ஒரு செ.மீ. நகர்த்தினேன், போதவில்லை. இன்னும் ஒரு செ.மீ. நகர்த்திக் கட்டி, ரசமட்டத்தைத் தோள் விளிம்பின்மேல் வைத்தேன். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது.